ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாட்ட: டாக் போதுமா, ரேக் வேண்டுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குப் பழக்கமான ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ இருக்கிறது. எடிட்டிங் மேசையின் இழுப்பறையை இழுத்தால் ஹார்ட் டிஸ்க்குகள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் 'வைகாசி', 'ஆவணி 2', 'நெல்லிக்குப்பம் வளைகாப்பு' என்று எழுதியிருப்பார்கள். போன மாதம் ஸ்டுடியோ அண்ணன் கூப்பிட்டு, "தம்பி, இதையெல்லாம் மாட்டிக் கழட்ட நல்ல டாக்கா ஒண்ணு சொல்லு. ஸ்பீடா இருந்தா போதும்" என்றார்.

"அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாத்துவீங்க? மாட்டினா எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டேன்.

"அதுக்கும் டாக்குக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"

சம்பந்தம் முழுக்க அந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது. ஆனால் கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை. வேகம் எவ்வளவு, எத்தனை டிபி தாங்கும், விலை என்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெட்டியை வாங்கி வந்து, பென் டிரைவைப் பிடுங்குவது போல டிஸ்க்கைப் பிடுங்கிப் பழகிவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து ஒரு குடும்பத்தின் கல்யாணமே திறக்காமல் போகும்போதுதான் டிஸ்க் சரியில்லை என்கிறோம். பல நேரம் டிஸ்க் மேல் தப்பே இருக்காது. அதனால் இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

சிலிண்டரும் அடுப்பும்

வீட்டில் கேஸ் தீர்ந்தால் அடுப்பையா மாற்றுகிறோம்? சிலிண்டரை மட்டும்தான் மாற்றுகிறோம். ரெகுலேட்டர், டியூப், அடுப்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குவது, ஒவ்வொரு சிலிண்டரோடும் ஒரு அடுப்பைச் சேர்த்து வாங்குவது மாதிரி. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனிக் கூடு, தனி சர்க்யூட், தனி கேபிள். ஒன்றிரண்டு டிஸ்க் இருக்கும் வீட்டுக்கு அது வசதிதான். பதினான்கு டிஸ்க் இருக்கும் இடத்தில் வீண் செலவு.

கூடு இல்லாமல் தனியாக வரும் டிஸ்க்கைக் கடைகளில் இன்டர்னல் டிஸ்க் என்பார்கள். அதுதான் இங்கே சிலிண்டர். அதில் இரண்டு அளவு உண்டு: டெஸ்க்டாப்பில் வரும் மூன்றரை அங்குலம், லேப்டாப்பில் வரும் இரண்டரை அங்குலம். இரண்டிலும் பின்பக்கக் கனெக்டர் ஒன்றுதான். அந்த இணைப்பு முறைக்குப் பெயர் சாட்டா. 2003இல் வந்தது, இன்றுவரை அதே வடிவம். டேட்டாவுக்கு 7 பின், கரண்டுக்கு 15 பின், ஓரத்தில் 'எல்' மாதிரி ஒரு வளைவு. தலைகீழாகச் செருக முடியாமல் தடுப்பது அந்த வளைவுதான்.

டாக் என்பது மேசை மேல் வைக்கும் சின்னப் பெட்டி. மேலே வாய் திறந்திருக்கும். டிஸ்க்கை நிற்கவைத்து இறக்கினால் அடியில் இருக்கும் கனெக்டரில் போய் உட்காரும். பெட்டியிலிருந்து ஒரு யுஎஸ்பி கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும், ஒரு அடாப்டர் சுவர் பிளக்குக்குப் போகும்.

டிரைவ் பே என்பது கம்ப்யூட்டர் பெட்டியின், அதாவது கேபினட்டின், முகப்பில் பொருத்தும் அறை. நம் ஊர்க் கடைகளில் மொபைல் ரேக் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நானும் இனி ரேக் என்றே எழுதுகிறேன். பழைய கேபினட்டில் டிவிடி டிரைவ் இருக்குமே, ஐந்தேகால் அங்குல அகலத்தில், அந்த இடத்தில் இது உட்காரும். கதவைத் திறந்து டிஸ்க்கைத் தள்ளி மூடினால் முடிந்தது. பின்னால் மதர்போர்டிலிருந்து ஒரு சாட்டா கேபிள், கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து ஒரு பவர் வயர். நடுவில் வேறெதுவும் கிடையாது.

டாக்கில் அப்படி இல்லை. டிஸ்க் பேசுவது சாட்டா, கேபிள் பேசுவது யுஎஸ்பி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறது. அதைப் பிரிட்ஜ் சிப் என்பார்கள். பின்னால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஆக, இன்டர்னல் டிஸ்க் சிலிண்டர். டாக்கும் ரேக்கும் அதை மாட்டும் இடம். டாக் வெளியே நின்று யுஎஸ்பி வழியாகப் பேசும், ரேக் கேபினட்டுக்குள்ளேயே நேரடியாகப் பேசும்.

வேகத்தைப் பற்றி நாலு வரி

அண்ணன் கேட்ட வேகத்தை முதலில் முடித்துவிடலாம். சுழலும் மூன்றரை அங்குல டிஸ்க் நல்ல நிலையில் நொடிக்கு 150 முதல் 250 எம்பி வரை தரும். யுஎஸ்பி 3.0 வழியாக நொடிக்குச் சுமார் 400 எம்பி போகும். பைப் ஏற்கெனவே தண்ணீரை விடப் பெரிது. அதற்கு மேல் எந்த எண்ணைப் பெட்டியில் அச்சடித்திருந்தாலும் சுழலும் டிஸ்க்குக்குப் பயனில்லை, சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி மாட்டினால்தான் பலன் தெரியும். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பழைய யுஎஸ்பி 2.0 பிளக்கில் செருகிவிட்டால் நொடிக்கு 30, 40 எம்பிதான் வரும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் உள்ளே நீல நிறமாக இருக்கும் பிளக்தான் 3.0. அதில் செருகுங்கள், வேகக் கவலை தீர்ந்தது.

உள்ளே ஒரு பம்பரம்

டிஸ்க்கைக் கழற்றுவதில் உண்மையான ஆபத்து எங்கே என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

டிஸ்க்குக்குள் கண்ணாடி போல மின்னும் வட்டத் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. அவை நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும். 7200 என்றால் நொடிக்கு 120 சுற்று. தட்டின் மேல் ஒரு மெல்லிய கை நீண்டு, அதன் நுனியில் இருக்கும் ஹெட் எழுதவும் படிக்கவும் செய்கிறது. ஹெட் தட்டைத் தொடுவதே இல்லை. தட்டு சுற்றும் வேகத்தில் எழும் காற்று அதைத் தூக்கிப் பிடிக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு.

கரண்ட் நின்றால் என்ன ஆகும்? காற்றுத் தாங்கல் போகும் முன் ஹெட் ஓரத்தில் இருக்கும் சரிவில் ஏறி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் கரண்ட் வேண்டுமே! இங்கேதான் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. சைக்கிள் டைனமோ மாதிரி, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் மோட்டாரே கொஞ்சம் மின்சாரத்தைத் தருகிறது. அந்தக் கடைசி மூச்சில் ஹெட் போய் ஒதுங்குகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அவசரத்துக்கானது. தினமும் அவசரப்படுத்தினால் ஹெட்டும் சரிவும் அடி வாங்கும்.

இதைக் கையால் உணரலாம். ஒரு தடவை நான் டாக்கை அணைத்த உடனே டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டேன். கையில் எடுத்துச் சாய்த்தபோது அது என் பேச்சைக் கேட்காமல் வேறு பக்கம் முறுக்கியது. உயிருள்ள ஒன்றைப் பிடித்த மாதிரி இருந்தது. சுற்றும் பம்பரத்தைக் கையில் ஏந்தினால் சாய்க்க விடாமல் முரண்டு பிடிக்குமே, அதேதான். தட்டு நிற்கப் பத்து முதல் இருபது நொடி ஆகும். அதுவரை டிஸ்க்கை அசைக்கக் கூடாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஹோட்டலில் சர்வர் ஆர்டரை எழுதிக்கொண்டு தலையாட்டிவிட்டார் என்பதால் தோசை கல்லில் விழுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கம்ப்யூட்டரும் 'காப்பி முடிந்தது' என்று சொன்ன பிறகு கொஞ்சத்தைத் தன் நினைவிலேயே வைத்திருக்கலாம், டிஸ்க்கும் தன் சொந்த நினைவில் கொஞ்சம் வைத்திருக்கும். இப்படி எழுதாமல் நிற்கும் பகுதிக்குக் கேஷ் என்று பெயர். 'சேஃப்லி ரிமூவ்' அழுத்துவது, சமையல்கட்டில் நிற்கும் எல்லா ஆர்டரையும் முடித்துவிடச் சொல்வது.

வரிசை இதுதான்: முதலில் சேஃப்லி ரிமூவ், அப்புறம் டாக்கின் சுவிட்சை அணைப்பது, அப்புறம் இருபது நொடி பொறுப்பது, கடைசியில் கை வைப்பது. சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடாமல் யாரும் கழற்றுவதில்லையே. அதனால்தான் டாக் வாங்கும்போது சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். சுவிட்ச் இல்லாத டாக்கை இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

தேய்மானக் கணக்கு

கேபினட்டுக்குள் கேபிளோடு வரும் சாதாரண சாட்டா கனெக்டர் 50 தடவை செருகி எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. சாட்டா விதிமுறையிலேயே இப்படித்தான் இருக்கிறது. கேபினட்டுக்குள் ஒரு டிஸ்க்கை வாழ்நாளில் நாலைந்து தடவைக்கு மேல் யார் கழற்றப் போகிறார்கள் என்ற எண்ணம். ரேக்கிலும் டாக்கிலும் டிஸ்க் நேராகப் போய் உட்காரும் வகைக் கனெக்டருக்கு அதே விதிமுறையில் 500 தடவை. யுஎஸ்பியின் பழைய சதுர வாய்க்கு 1500, டைப்-சிக்கு 10,000. இவை குறைந்தபட்சக் கணக்கு. 501ஆம் தடவை உடைந்துவிடும் என்று பொருள் இல்லை. ஆனால் எது எதைத் தாங்கப் பிறந்தது என்பது தெரிந்துவிடுகிறது.

ஸ்டுடியோ அண்ணன் ஒரு நாளைக்கு மூன்று டிஸ்க் மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினான்கு டிஸ்க் இருப்பதால் ஒவ்வொரு டிஸ்க்கின் பின்னும் மெதுவாகத்தான் தேயும். டாக்கில் இருப்பதோ ஒரே வாய். எல்லாம் அதில்தான் போய் வருகின்றன. அரை வருடம் தாண்டுவதற்குள் 500 வந்துவிடும். அவருடைய பழைய டாக்கின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பொன் பூசிய பின்கள் வரிசையில் நடுவில் நாலைந்து பழுப்பாகத் தெரிந்தன. டிஸ்க்கைச் சுண்டு விரலால் லேசாகத் தொட்டால் கம்ப்யூட்டரில் இணைப்பு அறுந்து மறுபடி வந்தது. இத்தனை நாள் அவர் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

இதிலிருந்து ஒரு எளிய வழக்கம் கிடைக்கிறது. வாரம் முழுக்க ஒரே டிஸ்க்கில்தான் வேலை என்றால் டிஸ்க்கை டாக்கிலேயே விட்டுவிட்டு, தேவைப்படும்போது யுஎஸ்பி பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். தேய்மானத்தை அதிகம் தாங்கும் பக்கம் அதுதான். வாங்கும்போதும் டைப்-சி வாய் உள்ள டாக்காகப் பாருங்கள்.

சாட்டா பின்களை உற்றுப் பார்த்தால் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது. செருகும்போது முதலில் கிரவுண்ட் பின் தொடும், அப்புறம்தான் மற்றவை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை மாற்ற முடிவது இந்த ஏற்பாட்டால்தான். இதை ஹாட் ஸ்வாப் என்கிறார்கள். பலர் இந்தச் சொல்லை 'எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். மின்சார ரீதியில் பொறி பறக்காது, அவ்வளவுதான் அதன் உத்தரவாதம். பம்பரத்துக்கும் கேஷுக்கும் அது பொறுப்பேற்பதில்லை.

நிற்கும் டாக்கில் இரண்டரை அங்குல டிஸ்க் மாட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். வாய் மூன்றரைக்காக அகலமாக இருக்கும், சின்ன டிஸ்க் அதில் ஆடும். ஆடும் பாரம் முழுக்கக் கனெக்டரின் கழுத்தில்தான் இறங்கும். நிற்கவைத்து ஓட்டினால் டிஸ்க் கெடும் என்று ஒரு பேச்சு உண்டு, அது சரியில்லை. நின்றாலும் படுத்தாலும் டிஸ்க் ஓடும். தட்டி விழுந்தால்தான் கெடும்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது

இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், யுஎஸ்பி கேபிளே அதைத் தந்துவிடும். மூன்றரை அங்குலத்துக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டும். அதனால்தான் டாக்குக்குத் தனி அடாப்டர். நின்றிருக்கும் தட்டுகளைச் சுற்றவைக்கும் முதல் சில நொடிகளில் ஒரு டிஸ்க் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். நின்ற வண்டியைத் தள்ளிக் கிளப்புகிற சிரமம் அது. ஓட ஆரம்பித்த பிறகு குறைந்துவிடும்.

இரண்டு டிஸ்க் மாட்டும் டாக்கில் 2 ஆம்பியர் அடாப்டர் கொடுத்திருந்தால் யோசியுங்கள். இரண்டும் ஒன்றாகக் கிளம்பும்போது மூச்சு முட்டும். 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்து டிஸ்க் மறுபடி மறுபடி கிளம்பப் பார்க்கும். அதைக் கேட்டுவிட்டு டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடாப்டரைப் பற்றி இன்னொன்று. இது எனக்கே நடந்தது. என் மேசைக்கு அடியில் டாக் அடாப்டரும் லேப்டாப் அடாப்டரும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இரண்டின் முனையும் ஒரே அளவு. இருட்டில் தடவி லேப்டாப்பின் 19 வோல்ட்டை டாக்கில் செருகிவிட்டேன். பல டாக்குகளில் 12 வோல்ட் எந்தத் தடுப்பும் இல்லாமல் அப்படியே டிஸ்க்குக்குப் போகிறது. அதனால் 19 வோல்ட்டும் அப்படியே போனது. இரண்டு நொடியில் தீய்ந்த வாசனை. டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் பலகையில் ஒரு சின்ன கறுப்புச் சதுரம் வெடித்திருந்தது. மிகை மின்னழுத்தம் வந்தால் தான் எரிந்து மற்றதைக் காப்பதற்காக வைக்கப்பட்ட பாகம் அது. அது தன் வேலையைச் செய்தது. அதனால் தகவலை மீட்க முடிந்தது, ஆனால் மூன்று வாரம் ஆனது. அன்று முதல் என்னிடம் இருக்கும் ஒவ்வொரு அடாப்டர் முனையிலும் டேப் சுற்றி, எது எதற்கு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நம் பக்கத்துக்கு முக்கியமான விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடும். டாக் அடாப்டரை மட்டும் கை எட்டும் சுவர் பிளக்கில் செருகியிருப்பார்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அசையாமல் நிற்கும், எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் பாதியில் செத்துவிடும். கடலூரிலும் புதுச்சேரியிலும் நான் போய்ப் பார்த்த பல இடங்களில் இப்படித்தான் இருந்தது. டாக் அடாப்டரும் யுபிஎஸ்ஸில்தான் இருக்க வேண்டும். ரேக்கில் இந்தப் பிரச்சினையே கிடையாது. எஸ்எம்பிஎஸ் ஓடும்வரை அதுவும் ஓடும்.

சுருக்கமாக: ஆம்பியரைப் பாருங்கள், அடாப்டரில் பெயர் எழுதுங்கள், யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்

இனி அந்தப் பிரிட்ஜ் சிப். நல்ல மொழிபெயர்ப்பாளர் தன்னை நுழைக்காமல் சொன்னதை அப்படியே சொல்வார். சில சிப்கள் அப்படி இல்லை.

முதல் சிக்கல் அளவு. டிஸ்க்கில் தகவல் சின்னச் சின்ன அறைகளில் எழுதப்படுகிறது. ஒரு அறைக்கு செக்டர் என்று பெயர், வழக்கமாக அதில் 512 பைட் பிடிக்கும். பழைய சிப்கள் அறை எண்ணை 32 பிட்டில் எழுதும். அதில் எழுத முடிகிற அறைகளையெல்லாம் கூட்டினால் சுமார் 2.2 டிபிதான் வரும், அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. அந்த டாக்கில் 3 டிபி டிஸ்க்கைப் போட்டால் 746 ஜிபி என்று காட்டும். எண்ணி முடித்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து, மிச்சத்தைச் சொல்கிறது. இந்த எண்ணைப் பார்த்தால் எதையும் எழுதாமல் டிஸ்க்கை எடுத்துவிடுங்கள். எழுதினால் ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதிவிடலாம்.

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம், ஏனென்றால் வெளியே தெரியாது. பெரிய டிஸ்க்கைப் பழைய கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சில சிப்கள் எட்டு அறைகளைச் சேர்த்து ஒரு பெரிய அறை என்று கணக்குக் காட்டும். 512 எட்டு மடங்கானால் 4096. நம் பழைய முகத்தல் அளவையில் எட்டு நாழி ஒரு குறுணி. 'ஐந்தாவது அளவில் சாவி இருக்கிறது' என்று ஒருவர் குறுணிக் கணக்கில் எழுதி வைத்தார், தேடுகிறவர் நாழிக் கணக்கில் எண்ணினார் என்றால் சாவி கிடைக்குமா? அந்த டாக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை ரேக்கிலோ வேறு டாக்கிலோ மாட்டினால் இதுதான் நடக்கும். உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். கம்ப்யூட்டர் மட்டும் காலி டிஸ்க் என்று நினைத்து 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும்.

அந்தக் கேள்விக்குத் தயவுசெய்து சரி என்று அழுத்தாதீர்கள். டிஸ்க்கைப் பழைய டாக்கில் திரும்ப மாட்டுங்கள். எல்லாம் வந்து நிற்கும். அங்கேயே வைத்து வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்த பிறகுதான் மற்றது. டாக் கெட்டுப் போய்விட்டது என்றால் அதே மாடலைத் தேடிப் பிடியுங்கள்.

புது டாக் வாங்கிய அன்றே இதைச் சோதித்துவிடலாம். கம்ப்யூட்டருக்குள் நேரடியாக ஃபார்மட் செய்த டிஸ்க்கில் வேண்டாத ஃபைல் சிலவற்றைப் போட்டு டாக்கில் மாட்டிப் பாருங்கள். அப்புறம் டாக்கில் ஃபார்மட் செய்து, உள்ளே மாட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் திறந்தால் நம்பகமான மொழிபெயர்ப்பாளர். அரை மணி நேர வேலைதான். ஒரு தடவை செய்தால் அந்த டாக் இருக்கும்வரை நிம்மதி.

இரண்டு வாய் டாக்குகளில் குளோன் என்று ஒரு பட்டன் இருக்கும். கம்ப்யூட்டர் இல்லாமலேயே ஒரு டிஸ்க்கை இன்னொன்றில் அப்படியே பிரதி எடுக்கும். எது மூலம், எது நகல் என்பதை வாய்க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் காலி டிஸ்க் போய் நிறைந்த டிஸ்க்கின் மேல் உட்கார்ந்துவிடும், திரும்பப் பெற வழியில்லை. பட்டனை உண்மையிலேயே பயன்படுத்தப் போவதில்லை என்றால் அது இல்லாத மாடலே நல்லது.

ரேக் வாங்கப் போகிறவர்களுக்கு

ரேக்கில் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பதால் மேலே சொன்ன சிக்கல்கள் எதுவும் வராது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவையும் நேராகப் படிக்கலாம். டாக்கில் அது சிப்பைப் பொறுத்தது.

ட்ரே உள்ளது, ட்ரே இல்லாதது என்று இரண்டு வகை. ட்ரே வகையில் டிஸ்க்கை ஒரு சட்டத்தில் திருகி, அந்தச் சட்டத்தோடு தள்ள வேண்டும். பிடிக்கக் கைப்பிடி இருக்கும், டிஸ்க்கின் அடிப்பலகையில் விரல் படாது. ஆனால் டிஸ்க்குக்கு ஒரு ட்ரே வேண்டும், ஒரு கம்பெனி ட்ரே இன்னொன்றில் நுழையாது, மாடல் நின்றுபோனால் ட்ரே கிடைக்காது. மூன்று நான்கு டிஸ்க்குகளே திரும்பத் திரும்ப வரும் இடத்துக்கு ட்ரே. பதினான்கு டிஸ்க் இருக்கும் ஸ்டுடியோவுக்கு ட்ரே இல்லாததுதான்.

வாங்கும் முன் கேபினட்டைப் பாருங்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடியும் ஃபேனுமாக வரும் புதிய கேபினட்டுகளில் பெரும்பாலும் ஐந்தேகால் அங்குல இடமே இருப்பதில்லை. இடம் மூன்று இருந்தால் ஐந்து டிஸ்க் பிடிக்கும் கூண்டுகூடப் பொருத்தலாம். கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் அந்த சாட்டா போர்ட்டுக்கு ஹாட் பிளக் என்ற அமைப்பை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டி வரலாம். பழைய நாலு பின் பவர் வயரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான வார்ப்பு கனெக்டர்களைத் தவிருங்கள். உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று உரசி எரிந்திருக்கின்றன.

பழைய சர்வர்களிலிருந்து வரும் சாஸ் வகை டிஸ்க் பார்க்க சாட்டா மாதிரியே இருக்கும். கனெக்டரின் நடு இடைவெளி அடைத்திருக்கும், அதனால் நம் டாக்கில் நுழையாது. அழுத்திச் செருகப் பார்க்காதீர்கள்.

வெயில், உப்புக்காற்று, புயல்

பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் மேல் எல்லை. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில், ஃபேன் இல்லாத டாக்கில், இரண்டு மணி நேரம் தொடர்ந்து காப்பி ஓடினால் டிஸ்க் தொட முடியாமல் சுடும். டாக் குறுகிய வேலைக்கானது. நாள் முழுக்க ஓட வேண்டிய டிஸ்க்குக்கு ஃபேன் உள்ள ரேக்தான் இடம். டாக்கில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள். எளிமையான வழி, நன்றாகவே உதவும்.

கேமரா பிடிப்பவர்களுக்கு இது தெரியும்: ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கமோ இருப்பவர்கள் டிஸ்க்குக்கும் அதே கதைதான் என்று நினைவில் வைக்க வேண்டும். ஏசியில் குளிர்ந்த டிஸ்க்கின் அடிப்பலகையிலும் பின்னிலும் ஈரம் படியும், அதில் உப்பும் சேரும். மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு எடுத்துப் போங்கள். போன இடத்தில் ஒரு மணி நேரம் மூடியபடியே விட்டுவிட்டு அப்புறம் திறங்கள். மேல்மூடியில் ஒரு சின்னத் துளை இருந்து, மூடாதே என்று பக்கத்தில் எழுதியிருந்தால், உள்ளே காற்றழுத்தத்தைச் சமப்படுத்தும் வழி அது. பெயர் எழுதும் டேப்பை அதன் மேல் ஒட்டிவிடாதீர்கள். ஸ்டுடியோவில் மூன்று டிஸ்க்குகளில் அப்படி ஒட்டியிருந்ததை உரித்து நகர்த்தினேன்.

2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. ஒரே இழுப்பறையில் ஒரு ஊரின் கல்யாணங்களையெல்லாம் வைத்திருப்பவர்கள், ஒரு நகலை வேறு ஊரில் வைக்க வேண்டும். கழற்றி மாட்டும் டிஸ்க்கின் உண்மையான பெருமையே இதில்தான். கேபினட்டைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம்.

அண்ணனுக்குச் சொன்னது

அண்ணனுடைய கேபினட் பழையது, டிவிடி டிரைவ் இடம் காலியாகவே இருந்தது. அங்கே ட்ரே இல்லாத ரேக் ஒன்றைப் பொருத்தினோம். அந்தந்த மாதத்து வேலை நடக்கும் டிஸ்க் அதில் நாள் முழுக்க ஓடும், வேலை முடிகிறவரை கழற்றுவதில்லை. பழைய கல்யாணத்தைக் கேட்டு யாராவது வந்தால் திறந்து பார்க்க, சுவிட்ச்சும் டைப்-சி வாயும் உள்ள ஒற்றை டாக். அதன் அடாப்டர் யுபிஎஸ்ஸில், முனையில் 'டாக் 12' என்று டேப். முடிந்த வேலைகளின் இரண்டாவது நகல் பண்ருட்டியில் அவருடைய தங்கை வீட்டு பீரோவில். மாதம் ஒரு தடவை போகும்போது ஒன்றை வைத்துவிட்டு, அங்கே இருப்பதில் ஒன்றை எடுத்து வந்து டாக்கில் ஓட்டிப் பார்க்கிறார்.

போன வாரம் போயிருந்தேன். ஒரு டிஸ்க்கைக் கழற்ற டாக் சுவிட்சை அணைத்துவிட்டு, விரல் நுனியை அதன் மேல் வைத்து அதிர்வு நிற்கும்வரை காத்திருந்தார். "நின்னுடுச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்.